இறுக்கிய பிறகு அளப்போம்



இன்று நான் ஆகாயத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. விமானிகளின் வீரத்தைப் பற்றியும் பேசப் போவதில்லை. சிறு விமானத்தின் பிஸ்டன் எஞ்சினைப் பிரித்து மறுபடி கட்டும்போது, அதன் கிராங்க் கேஸ் இன்னும் சரியாக இருக்கிறதா என்று எப்படி அளந்து பார்க்கிறோம்? அது ஒன்றுதான் பேச்சு. இதற்கு ஒரு மணி நேரமா என்று பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விடுவது தெரிகிறது. விடுங்கள். கேட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

கிராங்க் கேஸ் என்றால் என்ன? பலர் அதை ஒரு மூடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே ஓடுவதெல்லாம் எஞ்சின், வெளியே இருப்பது எண்ணெய் சிந்தாமல் இருக்க ஒரு பெட்டி என்று எண்ணம். இந்த எண்ணத்தைத்தான் இன்றைக்கு உடைக்க வேண்டும்.

ஒரு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். உலகத்தில் மிக அதிகமாகக் கட்டப்பட்ட விமானம் செஸ்னா 172. நாற்பத்து நாலாயிரத்துக்கு மேல் கட்டிவிட்டார்கள். 1968-க்குப் பிறகு பல ஆண்டுகள் அதன் மூக்கில் இருந்தது லைகமிங் ஓ-320. பென்சில்வேனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் செய்கிறார்கள். நான்கு சிலிண்டர், இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, கிடையாக, எதிரெதிரே. தண்ணீர் கிடையாது, காற்றே குளிர்விக்கும். குதிரைத்திறன் 150 அல்லது 160. கார் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் உள்ளே நடப்பதைக் கணக்குப் போடுங்கள்.

சிலிண்டரின் குறுக்களவு 5.125 அங்குலம். ஆக, பிஸ்டன் தலையின் பரப்பு இருபது சதுர அங்குலத்துக்குச் சற்று மேல். வெடிப்பின் உச்சியில் சதுர அங்குலத்துக்கு 700 பவுண்டு அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் மேல் விழும் பாரம் பதினாலாயிரம் பவுண்டைத் தாண்டும். ஆறு டன்னுக்கு மேல்! நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 1,200 தடவை வெடிக்கும். இந்த எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கட்டும் ஓவர்ஹாலுக்கு இடைவெளி 2,000 மணி. பெருக்கிப் பாருங்கள்: ஒரு சிலிண்டருக்கு மட்டும் 14 கோடியே 40 லட்சம் அடி.

அந்த அடியை யார் வாங்குகிறார்? பிஸ்டன். பிஸ்டனிடமிருந்து? கனெக்டிங் ராட். ராடிடமிருந்து? கிராங்க் ஷாஃப்ட். ஷாஃப்டை யார் தாங்குகிறார்? மெயின் பேரிங். பேரிங்கை யார் தாங்குகிறார்? அங்கேதான் நம் ஆள் வருகிறார். அது மட்டுமா? பிஸ்டனை இந்தப் பக்கம் தள்ளுகிற அதே விசை, சிலிண்டர் தலையை அந்தப் பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்பையும் ஸ்டட் என்கிற மரைத் தண்டுகள் வழியாக வாங்கிக்கொள்வது அதே கேஸ். முன்னால் புரொப்பெல்லர் விமானத்தை இழுக்கிறதே, அந்த இழுவை விமானத்துக்குப் போய்ச் சேருவதும் கேஸ் வழியாகத்தான். இப்போது சொல்லுங்கள், இது மூடியா?

இதன் அமைப்பைப் பாருங்கள். அலுமினியக் கலவையில் வார்த்த இரண்டு பாதிகள். கிராங்க் ஷாஃப்டின் நடுக்கோட்டை ஒட்டிச் செங்குத்தாகப் பிளந்தது போல, இடப்பாதி ஒன்று, வலப்பாதி ஒன்று. பேரிங் உட்காரும் இருக்கை பாதி இங்கே, பாதி அங்கே. இரண்டும் சேர்ந்தால்தான் வட்டம். இரண்டு பாதிக்கும் நடுவில் கேஸ்கெட் கிடையாது. ஏன் கிடையாது? காகித கேஸ்கெட் ஒன்றை வைத்தால் அதன் தடிமன் அளவுக்கு இரண்டு பாதியும் விலகும். வட்டம் நீள்வட்டம் ஆகிவிடும். அதனால் லைகமிங்கில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இறுகிப்போகாத சீலண்டை மெல்லப் பூசி, அதன் மேல் விளிம்பு ஓரமாக ஒரு மெல்லிய பட்டு நூலை ஓட்டுகிறார்கள். ஆமாம், பட்டு நூல்தான். காஞ்சிபுரத்துக்காரர்கள் யாராவது சபையில் இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். நூல் விளிம்போடு நின்றுவிடும். பேரிங் இருக்கைப் பக்கம் எட்டிப் பார்க்காது. உலோகத்தோடு உலோகம் நேரே உட்கார வேண்டும், அதுதான் சட்டம்.

இந்தக் கேஸின் சரித்திரம் விமானத்தின் சரித்திரத்தை விடப் பத்து மாதம் மூத்தது. எப்படி? கேளுங்கள்.

ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரம். ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடை. அங்கே சார்லி டெய்லர் என்று ஒரு மெக்கானிக். விமானத்துக்கு எஞ்சின் வேண்டும் என்று ரைட்கள் கார் கம்பெனிகளுக்கெல்லாம் எழுதிப் பார்த்தார்கள். அவர்கள் கேட்ட எடையில் கேட்ட சக்தியைத் தர யாரும் முன்வரவில்லை. சரி, நாமே செய்வோம் என்று டெய்லரிடம் வேலையைக் கொடுத்தார்கள். அவரிடம் என்ன இருந்தது? ஒரு லேத், ஒரு டிரில் பிரஸ், கைக்கருவிகள். துண்டுக் காகிதத்தில் கோட்டுப் படம். ஒரு எஃகுப் பாளத்தைத் துளைத்துத் துளைத்து, செதுக்கி, லேத்தில் கடைந்து கிராங்க் ஷாஃப்டையே எடுத்துவிட்டார். ஆறு வாரத்தில் எஞ்சின் தயார். கேஸை மட்டும் டேட்டனில் ஒரு வார்ப்படச் சாலையில் அலுமினியத்தில் செம்பு கலந்து வார்த்து வாங்கினார்கள்.

1903 பிப்ரவரி 12-ஆம் தேதி எஞ்சின் ஓடியது. மறுநாளே என்ன ஆயிற்று? பெட்ரோல் சொட்டிப் பேரிங்குகள் காய்ந்து பிடித்துக்கொண்டன. பிடித்த வேகத்தில் கேஸே உடைந்துபோனது. ஷாஃப்ட் வளையவில்லை, பிஸ்டன் நொறுங்கவில்லை, கேஸ் உடைந்தது. புது வார்ப்பு வந்து சேர ஏப்ரல் 20 ஆகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு மேல் விமானமே ஒரு கேஸுக்காகக் காத்திருந்தது! அந்த இரண்டாவது கேஸோடுதான் டிசம்பர் 17-ஆம் தேதி கிட்டி ஹாக் மணலில் மனிதன் பறந்தான்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1994-இல் அந்தக் கேஸின் உலோகத்தை ஆராய்ந்து ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அதில் நுண்ணிய படிவுகள் உருவாகி உலோகம் கடினப்பட்டிருந்தது தெரிந்தது. அலுமினியம் இப்படி நாள்பட உறுதியாகும் என்று ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்ததே 1906 வாக்கில்தான். டேட்டன் வார்ப்படக்காரருக்கு அந்தக் குணம் கைக்கு வந்துவிட்டது, காரணம் தெரியாமலே. தொழில் இப்படித்தான் பல நேரம் படிப்புக்கு முன்னால் நடந்துபோய்விடுகிறது.

சரி, நம் மேசைக்கு வருவோம். எஞ்சினைப் பிரித்தாயிற்று. முதல் வேலை கழுவுவது. இதைப் பற்றி நீட்டப் போவதில்லை. எண்ணெய்ப் பாதையில் அழுக்கோ சோப்போ தங்கக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்தது விரிசல் தேடுவது. கிராங்க் ஷாஃப்ட் எஃகு. அதைக் காந்தமேற்றி, இரும்புத் துகள் ஊற்றி விரிசலைப் பிடித்துவிடலாம். அலுமினியக் கேஸிடம் காந்தம் பலிக்காது. ஒளிரும் சாயத் திரவத்தைப் பூசி, ஊறவிட்டு, துடைத்து, புற ஊதா விளக்கின் கீழே பார்க்க வேண்டும். எங்கே பார்ப்பீர்கள்? சிலிண்டர் உட்காரும் தளத்தில் ஸ்டட் துளைகளைச் சுற்றி. பேரிங் இருக்கையைத் தாங்கும் குறுக்குச் சுவர்களில். இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். பொனான்சாவிலும் செஸ்னா 210-இலும் இருந்த கான்டினென்டல் 520 வரிசை எஞ்சின்களின் கேஸ் விரிசலுக்காக 1977-இல் அமெரிக்க விமானத் துறை தனி ஆணையே போட்டது.

அதற்கும் அடுத்தது, என் பார்வையில் விரிசலை விடச் சூழ்ச்சிக்காரன்: ஃப்ரெட்டிங். விரிசலாவது கண்ணில் படும். இது? இரண்டு பாதியும் சேரும் முகத்தில், ஸ்டட் துளைகளைச் சுற்றி, மங்கலான, சொரசொரப்பான திட்டு. சுத்தம் செய்தவர் துடைத்துவிட்டுப் போய்விடுவார். அது கறை இல்லை ஐயா! இரண்டு பாதியும் ஒன்றின் மேல் ஒன்று அசைந்திருக்கின்றன என்பதற்கான சாட்சி. நுண்ணிய அசைவுதான். ஆனால் கோடிக்கணக்கான தடவை. அசைய அசைய அலுமினியம் தேயும். தேயத் தேய ஸ்டட்டின் இறுக்கம் குறையும். இறுக்கம் குறையக் குறைய இன்னும் அசையும். இது எங்கே போய் நிற்கும்?

பேரிங்கில் போய் நிற்கும். பேரிங்கின் பாதி வளையங்களான ஷெல் இரண்டும் தம் இருக்கையை விட மிகக் கொஞ்சம் பெரிதாகவே செய்யப்பட்டிருக்கும். இருக்கையில் வைத்தால் விளிம்பு துளி மேலே நிற்கும். கேஸை இறுக்கும்போது அந்தத் துளி நசுங்கி, ஷெல் இருக்கையோடு கெட்டியாக அப்பிக்கொள்ளும். ஷெல்லைப் பிடித்து வைத்திருப்பது அந்த நசுக்கல்தான். இறுக்கம் போனால் நசுக்கல் போயிற்று. நசுக்கல் போனால் ஷெல் நகரும். நகர்ந்த ஷெல் எண்ணெய் வரும் துளையை மூடும். எண்ணெய் நின்ற பேரிங் எத்தனை நேரம் தாங்கும்? ஆகாயத்தில் அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய நிலை யாருக்கும் வர வேண்டாம்.

இப்போது அளவுக்கு வருகிறேன். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பட்டறையில் ஒரு தௌ என்போம். மில்லிமீட்டரில் 0.0254. தலைமுடி ஒன்றின் தடிமன் இரண்டிலிருந்து நான்கு தௌ இருக்கும். லைகமிங்கில் தடித்த சுவர் மெயின் பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே புதிதில் இருக்க வேண்டிய இடைவெளி இரண்டரை தௌவிலிருந்து ஐந்தரை தௌ வரை. ஓடித் தேய்ந்த பிறகு ஆறு தௌ வரை பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் இல்லை. அந்த இடைவெளியில் எண்ணெய் புகுந்து ஷாஃப்டை மிதக்க வைக்கிறது. இடைவெளி குறைந்தால் எண்ணெய் புகாது, சூடேறிப் பிடிக்கும். கூடினால் எண்ணெய் ஓரமாக வழிந்து ஓடிவிடும், அழுத்தம் விழும்.

இதை எப்படி அளப்பது? மாணவர்களே, இங்கே கொஞ்சம் காது கொடுங்கள். பிரித்த கேஸை, ஒரு பாதியை மேசை மேல் மல்லாத்தி வைத்து அளந்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. பாதி வட்டத்துக்கு விட்டம் ஏது? இரண்டு பாதியையும் சேர்த்து, கையால் நட் முடுக்கி அளந்தால்? ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணால் பயன் இல்லை. கேஸ் ஆகாயத்தில் இருக்கும்போது எந்த இறுக்கத்தில் இருக்கிறதோ, அதே இறுக்கத்தில் மேசை மேலும் இருக்க வேண்டும். அப்போதுதான் அது கேஸ். இல்லாவிட்டால் இரண்டு அலுமினியத் துண்டுகள், அவ்வளவே.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பேரிங் அருகே கேஸை நெருக்கிப் பிடிக்கும் ஸ்டட்கள், இந்தப் பக்கச் சிலிண்டரிலிருந்து அந்தப் பக்கச் சிலிண்டர் வரை ஊடுருவிப் போகிறவை. சிலிண்டரைப் பிடிக்கும் நட்தான் கேஸையும் பிடிக்கிறது. சிலிண்டரைக் கழற்றினால்? கேஸின் பிடியும் போய்விட்டது! அதனால்தான் சிலிண்டர் இருக்கும் இடத்தில் தடித்த எஃகுத் தட்டுகளை வைத்து, எஞ்சின் கம்பெனியின் புத்தகம் சொல்லும் வரிசையில், புத்தகம் சொல்லும் டார்க்கில், அதாவது முறுக்கு விசையில், முறுக்குகிறோம். டார்க் பிளேட் என்பார்கள். அது இல்லாமல் அளப்பவரிடம் நான் எஞ்சின் கொடுக்க மாட்டேன். இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். சும்மா ஒரு சிலிண்டரை மாற்றுவதற்காகக் கழற்றியிருக்கிறீர்கள்; டார்க் பிளேட் போடவில்லை; யாரோ வந்து புரொப்பெல்லரைச் சுற்றிப் பார்க்கிறார். பிடி தளர்ந்த ஷெல் நகர்ந்துவிட அந்த ஒரு சுற்றே போதும். யாரும் பார்க்கவில்லை, எதுவும் சத்தம் போடவில்லை, சிலிண்டரைப் போட்டு மூடியாயிற்று.

முறுக்கியாயிற்று. முதலில் ஷெல் இல்லாமல் இருக்கையின் துளையை டயல் போர் கேஜால் அளக்கிறோம். ஒரே ஒரு திசையிலா? இல்லை. செங்குத்தாக ஒன்று, கிடையாக ஒன்று, இடையில் சாய்வாக ஒன்று. முன் விளிம்பில், பின் விளிம்பில். ஏன் இத்தனை? சேரும் முகம் தேய்ந்திருந்தால் இரண்டு பாதியும் நெருங்கிவிடும். செங்குத்து அளவு அப்படியே இருக்கும், கிடை அளவு குறையும். ஒரே திசையில் அளந்தவருக்கு அந்தத் துளை ஒழுங்கான வட்டம். இரண்டு திசையில் அளந்தவருக்கு நீள்வட்டம். பிறகு அவிழ்த்து, புது ஷெல் போட்டு, மறுபடி அதே டார்க்கில் முறுக்கி, ஷெல்லின் உள்விட்டத்தை அளக்கிறோம். ஷாஃப்டில் பேரிங்குக்குள் சுழலும் பகுதியான ஜர்னலை மைக்ரோமீட்டரால் அளக்கிறோம். கழிக்கிறோம். வருவது இடைவெளி.

பிளாஸ்டிகேஜ் இழையை நசுக்கிப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. லாரி எஞ்சினுக்கு வைத்துக்கொள்ளுங்கள். துளை வட்டமா இல்லையா என்று அந்த இழை வாய் திறக்காது.

நம் ஊருக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது: வெயில். அளவுகளெல்லாம் 20 டிகிரி செல்சியஸில் எடுத்ததாகக் கணக்கு. உலகம் முழுதும் அதுதான் ஒப்புக்கொண்ட வெப்பம். சென்னையில் மே மாதம், குளிர்சாதனம் இல்லாத ஷெட், 38 டிகிரி. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 23 மைக்ரான் விரியும். எஃகு 12. அறுபது மில்லிமீட்டர் துளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு டிகிரி ஏறினால் துளை கிட்டத்தட்ட ஒரு தௌ விரிந்துவிடும். எஃகு ஜர்னல் அரை தௌதான் விரியும். நடுவில் அரை தௌ எங்கிருந்தோ வந்து நிற்கிறது! மொத்தம் விளையாட இருப்பதே மூன்று தௌ. அதில் அரை தௌவை வெயில் தின்றுவிட்டது. இதில் ஷாஃப்ட் ஏசி அறையில், கேஸ் வெளியே, மைக்ரோமீட்டர் சட்டைப் பையில் என்றால் கேட்கவே வேண்டாம். கேஸ், ஷாஃப்ட், கருவிகள், எல்லாம் ஒரே அறையில் ஓர் இரவு கிடக்கட்டும். காலையில் அளந்து பாருங்கள்.

கேம் ஷாஃப்டை மறக்கக் கூடாது. லைகமிங்கில் அது கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே, அதே பிளவுக் கோட்டில் ஓடுகிறது. அதற்கு ஷெல் எதுவும் கிடையாது. நேரே அலுமினியத்திலேயே ஓடுகிறது. புதிதில் இரண்டிலிருந்து நான்கு தௌ, கடைசி எல்லை ஆறு. அங்கே கேஸே பேரிங். மாற்றுவதற்கு ஷெல் இல்லாத இடத்தில் தேய்ந்தால் கேஸுக்குத்தான் வைத்தியம்.

இந்த எல்லைகளைப் பற்றி ஒரு வார்த்தை. லைகமிங்கின் அளவுப் பட்டியலைத் திறந்தால் எண்கள் இரண்டு கட்டமாக இருக்கும். புதிய உதிரிக்கு ஒன்று, ஓடியதற்கு ஒன்று. அமெரிக்க விதிகளின்படி ‘ஓவர்ஹால்’ ஆன எஞ்சின் வேறு, ‘ரீபில்ட்’ ஆன எஞ்சின் வேறு. ஓவர்ஹாலில் ஓடிய எல்லைக்குள் இருந்தால் போதும். ரீபில்ட் என்றால் புதிய எஞ்சினின் அளவுக்கே வர வேண்டும். செய்த கம்பெனியோ, அது ஒப்புக்கொண்டவரோ செய்தால் பழைய ஓட்ட மணிகளை அழித்துச் சுழியத்திலிருந்து தொடங்கலாம். எஞ்சின் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், பெயின்டைப் பார்க்கிறார்கள். எந்தக் கட்டத்துக்குக் கட்டினீர்கள் என்று கேட்பவர் எத்தனை பேர்? ஆறு தௌ எல்லை, இன்றைக்கு 5.9 இருக்கிறது. சட்டப்படி பாஸ். ஆனால் அடுத்த 2,000 மணியை அது எதை வைத்துக் கழிக்கும்? என் மேசையில் அந்தக் கேஸுக்குக் கையெழுத்து விழாது. முதலாளிக்குக் கோபம் வரும், வரட்டும்.

அப்படியானால் அந்தக் கேஸைத் தூக்கி எறிவதா? வேண்டாம். சேரும் முகங்களைச் சில தௌ சீவி, மறுபடி சேர்த்து முறுக்கி, முன்னாலிருந்து பின்னால் வரை எல்லா இருக்கைகளையும் ஒரே நேர்கோட்டில் கடைந்து எடுப்பார்கள். லைன் போரிங். கிராங்க், கேம் இரண்டுக்கும் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கும். சீவிய அளவுக்கு இருபக்கச் சிலிண்டர் தளங்களும் நெருங்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் சீவ முடியாது. அதற்கென்றே அனுமதி பெற்ற பட்டறை செய்ய வேண்டிய வேலை இது. கோயம்புத்தூரில் அருமையான லேத் இருக்கிறது, நண்பர் செய்து தருவார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். லேத் அருமைதான். அனுமதி எங்கே?

கடைசியாக, கட்டும்போது. அளந்தது எல்லாம் சரி, எண்கள் அழகு, பட்டு நூலும் ஓட்டியாயிற்று. அப்போது ஒருவர் கேஸ் பளபளவென்று இருக்கட்டும் என்று பெயின்ட் அடிக்கிறார். சிலிண்டர் உட்காரும் தளத்திலும், நட்டின் அடியிலும் பெயின்ட் இறங்குகிறது. டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்கிறது. புத்தகம் சொன்ன டார்க் வந்துவிட்டது என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். எஞ்சின் சூடேறி ஓடுகிறது. பெயின்ட் மெல்ல நசுங்கி வெளியேறுகிறது. அது விட்டுப்போன இடம் ஒரு தௌவோ இரண்டு தௌவோ. ஸ்டட்டின் இழுப்பு அந்த அளவு தளர்ந்தது. அப்புறம்? முகங்கள் அசையும், தேயும், ஷெல் நகரும். சேரும் முகத்தில், நூலும் மெல்லிய சீலண்டும் போக வேண்டிய இடத்தில், ரப்பர் மாதிரி இறுகும் சிலிக்கோனைத் தாராளமாகப் பிதுக்குவதும் இதே வேலையைத்தான் செய்யும். எண்ணெய் கசியவில்லை என்று சந்தோஷப்படுவார்கள். உள்ளே ஸ்டட் தளர்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே அந்தத் தளங்களில் பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுங்கள். நட் உட்காரும் இடம் வெறும் உலோகமாக இருக்கட்டும். நட்டின் இழைக்குப் புத்தகம் எந்த எண்ணெய் சொல்கிறதோ அதை மட்டும் தடவுங்கள். பாதி டார்க்கில் ஒரு சுற்று, முழு டார்க்கில் ஒரு சுற்று என்று புத்தகம் வரிசை கொடுத்திருந்தால் அந்த வரிசையிலேயே போங்கள். ரெஞ்சின் அளவுச் சான்றிதழ் தேதி தாண்டிவிட்டதா என்று முறுக்குவதற்கு முன்னால் பாருங்கள், முறுக்கிய பிறகு பார்க்காதீர்கள்.

பேரிங் ஷெல் ஒன்றையும் ஃப்ரெட்டிங் திட்டு விழுந்த கேஸ் பாதி ஒன்றையும் இந்த மேசை மேல் வைத்திருக்கிறேன். மாணவர்கள் முதலில் வாருங்கள், விரல் நகத்தால் அந்தத் திட்டைத் தடவிப் பாருங்கள். கேள்விகளை அங்கேயே கேட்கலாம்.